கூட வரி கேட்ட முதலாளி

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னப் பட்டினத்தில், கடைக்கும் வீட்டுக்கும் சபை போடும் சோலைவரியை முதல் ஆளாகக் கட்டுகிறவர் புடைவைக்கடை இத்ரூஸ் முதலாளிதான். கட்டிவிட்டுச் சும்மா திரும்ப மாட்டார். பட்டின சபைக் கந்தோர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் குரல் கொடுப்பார்.

“போன தடவை கட்டின காசுக்கு என்ன செஞ்ச? தண்ணி ஓடக் கான் வெட்டினீங்களா? லாம்பு போட்டீங்களா? டிராக்டர் வாங்கினீங்களே, அது குப்பை அள்ளினத கண்ணால கண்டவன் இந்த ஊர்ல இருக்கானா? சேர்மன் ஊட்டுக் கல்யாணத்துக்குக் கதிரை ஏத்தினதத்தான் நாங்க கண்ட!”

உள்ளே இருப்பவர்கள் தலை நிமிர மாட்டார்கள். வெளியே நிற்பவர்களுக்கு வயிறு குளிரும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கத்திரிக்கோலோடு இறங்கி வந்து, கடைவீதிக் கோடியில் சின்னதாக ஒரு சலூன் போட்டிருந்த கணபதி சொல்வார்: “நம்ம மொதலாளி இருக்கிற வரைக்கும் சபைக்காரன் நம்மள ஏய்க்க முடியாதுங்க.”

இப்படி ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவரின் கண் மட்டும் எந்நேரமும் எதிர்க்கடையில் இருந்தது.

எதிர்க்கடை ஸஹாப்தீன் வேறு ஆளல்ல. இத்ரூஸின் மனைவி ஸித்தி ஸுபைதாவின் தங்கை ஹம்ஸியாவைக் கட்டியவர். அவரை அந்தப் பட்டினத்துக்குக் கூட்டிவந்து, தன் கடையில் வைத்துத் துணி கிழிக்கக் கற்றுக்கொடுத்தவரே இத்ரூஸ்தான். கற்றுக்கொண்டவர் தெருவைத் தாண்டி எதிரே கடை போட்டார். சில வருஷத்தில் சிவப்புச் சீமெந்துத் தரை, ஆளுயரக் கண்ணாடி அலமாரி என்று கடை பெருத்துப் போனது. தோட்டச் சம்பள நாளில் சேலைப் பொட்டலத்தோடு ஒருத்தி எதிர்க்கடைப் படி இறங்கினால், இத்ரூஸுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அறுபத்தெட்டாம் ஆண்டு, கடைகளைப் புதிதாக மதிப்பிட உத்தியோகத்தர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். இத்ரூஸ் கடைக்காரர்களைக் கூட்டி வழி சொன்னார்: “நல்ல சாமான் எல்லாத்தையும் பின்னுக்கு ஒதுக்குங்க. முன்னுக்குச் சாக்கத் தொங்கவிடுங்க. பாக்கிறவனுக்கு எங்களுக்குப் பிச்சை போடணும் போல இருக்கணும்.”

எல்லாரிடமும் சொன்னவர், தெருவைத் தாண்டிப் போய் ஸஹாப்தீனிடம் மட்டும் சொல்லவில்லை. அவனுக்கு நல்லா ஏறட்டும், வாங்கின அலமாரிக்கு வருஷா வருஷம் அழட்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

உத்தியோகத்தர் வந்தார், சாக்குகளைப் பார்த்தார், கண்ணாடி அலமாரிகளையும் பார்த்தார். முடிவு வந்தபோது ஸஹாப்தீனின் கடை மதிப்பு இத்ரூஸின் கடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஸஹாப்தீன் அழவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நீட்டி முழக்கிக் குறைபட்டுக்கொண்டார். “என்ன செய்ற? இந்தத் தெருவிலேயே பெரிய கடை எண்டு அரசாங்கமே சொல்லிட்டு. கட்டத்தானே வேணும்.” குறைபட்ட அந்த முகத்தில் ஒளி வீசியது.

இத்ரூஸ் அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸுபைதாவுக்கே விளங்கவில்லை. “வரி கொறஞ்சா சந்தோசப்படுற மனுசரத்தான் நான் கண்டிருக்கேன். நீங்க என்ன, மய்யித்து ஊட்டுல இருக்கிற மாதிரி?”

“ஒனக்கு என்ன தெரியும்?”

“எண்ட தங்கச்சிட கடை நல்லா இருக்கிறது தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

அந்த வாரமே பதுளையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டார்: “இத்ரூஸ், ஒங்களுக்கிட்ட வேல பழகின பொடியன்ட கடையாமே இப்ப அங்க பெரிசு?” வாயில் வைத்த புரியாணி மண்ணாகிப் போனது.

ஆட்சேபனை விசாரணை நாள் வந்தது. சாக்குத் தொங்கவிட்டும் எல்லாருக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அதையும் குறைக்க வேண்டும். இத்ரூஸ்தான் எல்லாருக்குமாகப் பேச வேண்டும் என்று கடைக்காரர்கள் கந்தோர் வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கணபதி சலூனைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். வரி ஏறினால் திரும்ப லயத்துக்கே போக வேண்டியதுதான் என்று வழியெல்லாம் புலம்பியிருந்தார்.

இத்ரூஸ் எழுந்தார். டிராக்டரில் தொடங்கினார். கானுக்கு வந்தார். சேர்மன் நெளிந்தார். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் ஸஹாப்தீன் உள்ளே வந்தார். ஆட்சேபனை சொல்ல அல்ல, வேடிக்கை பார்க்க. சேர்மன் பாதி எழுந்து, “வாங்க முதலாளி, கூட வரி கட்டுற ஆள் நிக்கப்படாது” என்று தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். ஸஹாப்தீன் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

இத்ரூஸின் பேச்சு நடுவில் நின்றது. கண் அந்தக் கதிரையை விட்டு அகலவில்லை.

“எண்ட கடைக்குப் போட்ட மதிப்புப் பிழை” என்றார்.

“கூடிப்போச்சா?” என்று கேட்டார் சபைச் செயலாளர்.

“கொறஞ்சு போச்சு! ரெண்டு மடங்கு போடணும். மூணும் போடலாம்!”

கணபதி மெதுவாக அவர் சாரத்தைப் பிடித்து இழுத்தார். “மொதலாளி... என்னா பேசுறீங்க?”

இத்ரூஸ் கையைத் தட்டிவிட்டார். “அன்றைக்கு நீங்க கண்டது எண்ட கடையே இல்ல. நல்ல சாமான் எல்லாம் பின்னுக்கு இருந்த. முன்னுக்குச் சாக்குத்தான் தொங்கின.”

செயலாளர் பேனையை வைத்துவிட்டு வாங்கைப் பார்த்தார். “அன்றைக்கு நிறையக் கடையில சாக்குத் தொங்கினதாம். எல்லாத்தையும் திரும்பப் பார்ப்போம்.”

திரும்பப் பார்த்தார்கள். எந்தக் காரியத்தையும் ஆறப்போடும் சபை இதை மட்டும் மின்னலாக முடித்தது. கடைவீதி முழுவதற்கும் வரி ஏறியது. சலூனையும் விடவில்லை. இத்ரூஸ் ஆசைப்பட்டபடி அவருக்கும் நன்றாக ஏறியது. ஆனாலும் ஸஹாப்தீனுக்குக் கீழேதான். கண்ணாடி அலமாரி அங்கேதானே இருந்தது.

தெருவில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் போனால் பேச்சு நிற்கும்; தாண்டினால் சிரிப்புக் கேட்கும். கடைசியில் ஒருநாள் மத்தியானம், மனம் பொறுக்காமல் சலூனுக்குப் போனார். கணபதி ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். எழுந்து வரவேற்கும் வழக்கத்தை விட்டிருந்தார்.

“கணபதி, ஒங்களுக்குக் கூடின வரிய நான் கட்டுறேன். எண்ட பிழைதானே.”

கணபதி சவரக்கத்தியைத் துடைத்தார். “வேணாங்க. அது கட்டியாச்சு.”

“கட்டியாச்சா? எப்படி?”

“எதிர்க்கடை மொதலாளி முந்தாநாளே கட்டிட்டாருங்க. எங்க சகலை செஞ்சது, நான்தான் பொறுப்புன்னாரு.”

இத்ரூஸ் நீட்டிய காசு கையிலேயே இருந்தது.

“ஒங்களுக்கு மட்டுமா?” என்று கேட்டார்.

“இந்த வரிசையில சின்னக் கடை எல்லாத்துக்குமே.”

சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நுரைக்குள்ளிருந்து, “தங்கமான மனுசன்” என்றார்.

இத்ரூஸ் வெளியே வந்தார். எதிர்க்கடை வாசலில் ஸஹாப்தீன் எழுந்து, “வாங்க நானா, டீ குடிச்சிட்டுப் போங்க” என்று கூப்பிட்டார். காதில் விழாதவர் போல நடந்து, தன் கடைக்குள் ஏறி உட்கார்ந்து, எதிர்க்கடையில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்.