கதவை அளந்தவர்கள்

மெத்தைத் தொழிற்சாலையில் அவளுக்கு 'மூலையக்கா' என்று பெயர். மூலையில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் அல்ல. மெத்தையின் மேல்துணியையும் பக்கத்துணியையும் ஒரு பட்டி வைத்து இணைத்துத் தைப்பது அவள் வேலை. நேர் ஓரத்தை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம், இயந்திரமே இழுத்துக்கொண்டு போகும். மூலை வந்ததும்தான் நாக்கு தள்ளும். இயந்திரத்தின் மிதிகட்டையைப் பாதி விட்டு, துணியை இடது கையால் ஊட்டி, மெத்தையை இடுப்பால் தள்ளித் திருப்ப வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் துணி சுருங்கிப் பொக்கைவாய் மாதிரி ஆகிவிடும். அவள் தைத்த மூலையில் சுருக்கம் விழாது. அதனால் மற்றவர்கள் நேர் ஓரத்தை முடித்துவிட்டு மூலைக்கு அவளைக் கூப்பிடுவார்கள். பெயரும் ஒட்டிக்கொண்டது. தெருவில் தபால்காரர்கூட இப்போது அப்படித்தான் அழைக்கிறார்.

படிப்புக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டு உறவு கிடையாது. நூலக மாடியில் நடக்கும் மாலை வகுப்புகளுக்கு அவள் போனதே கேக் செய்யக் கற்றுக்கொள்ளத்தான். வரிசையில் நின்று அவள் முறை வந்தபோது கேக் வகுப்பு நிரம்பிவிட்டது.

"சமூகமும் உலகமும்னு ஒண்ணு இருக்கு. அதுல மட்டும் இடம் இருக்கு" என்றார் பதிவு செய்கிறவர்.

"அதுல என்ன செய்வாங்க?"

"பேசுவாங்க. நடுவுல டீ கொடுப்பாங்க."

வந்தது வந்தாயிற்று, சும்மா திரும்பிப் போவானேன் என்று பெயரைக் கொடுத்தாள்.

வாத்தியார் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுப்பவர். பகலெல்லாம் கத்திவிட்டு வருவதால் தொண்டை கட்டியே இருக்கும். கால்சட்டைப் பையில் சுண்ணாம்புத் துண்டு. முதல் நாள் அவர் மூலையக்காவிடம், "நீங்க தைக்கிற மெத்தையில யாருங்க படுப்பாங்க?" என்று கேட்டார். பெரும்பாலும் வெளிநாட்டு ஹோட்டல்களுக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஸ்பிரிங் கம்பி ஒரு நாட்டிலிருந்து வருகிறது, பட்டி இன்னொரு நாட்டிலிருந்து, நூல் கப்பலில் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஊர்களில் மழை பெய்தால், ஆட்சி மாறினால், மக்கள் சுற்றுலாவை ஒத்திப்போட்டால் தன் கைக்கு வரும் மெத்தையின் எண்ணிக்கை குறையும் என்று அவள் கோத்துப் பார்த்ததில்லை. போன வருஷம் ஓவர்டைம் திடீரென்று நின்றுபோனதே, அது மேற்பார்வையாளரின் அழும்பு என்றுதான் நினைத்திருந்தாள். அந்த மனுஷனை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பாள்! அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

வாத்தியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "இது நீங்க கண்டதா, கேட்டதா, நினைச்சதா?" என்று கேட்பார். கரும்பலகையில் அதற்காக மூன்று கட்டம் போட்டு வைத்திருப்பார். வகுப்பில் ஒரு பேக்கரிக்காரர் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்தவர்களால்தான் திருட்டு பெருகிவிட்டது என்று அவர் அடித்துப் பேசினார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் பார்த்தால், அவர் கண்ணால் கண்டது காணாமல் போன ஒரு சைக்கிள் மட்டும். அதுவும் மச்சான் எடுத்துப் போனது. வகுப்பே சிரித்தது, பேக்கரிக்காரரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொழிற்சாலையில் அந்தப் பேச்சு கிளம்பியது.

கொண்டுவந்தவள் ரேடியோ. மெத்தைத் துணியில் பஞ்சு வைத்துத் தைக்கும் பிரிவில் இருப்பவள், மூலையக்காவின் சிநேகிதி. எந்தச் செய்தியும் அவள் வாய் வழியாகத்தான் ஊருக்குள் போகும்.

"அக்கா, உனக்கு விஷயம் தெரியாதா? கம்பெனிய மூடப்போறாங்க. மிஷினையெல்லாம் கழட்டி வேற நாட்டுக்குக் கொண்டுபோறாங்களாம். அங்க கூலி நம்மளவிடக் கம்மியாம்."

"யாருடி சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க! வெளிநாட்டுக்காரங்க வந்து தையல் கூடத்தையே அளந்துட்டுப் போனாங்க. நூல் ஆர்டரை நிறுத்திட்டாங்க. மேனேஜர் வீட்டை விக்கிறாரு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

மூலையக்காவின் கணவனும் அதே தொழிற்சாலையில்தான் ஃபோம் வெட்டுகிறான். இரண்டு பேர் சோறும் ஒரே அடுப்பில் வேகிறது என்பார்களே, அந்த மாதிரி. அவன் அதிகம் பேசாத ஆள். ஆனால் முடிவெடுத்துவிட்டால் ஆனையைக் கட்டி இழுத்தாலும் நகரமாட்டான். அந்த வாரமே ஓர் ஏஜெண்டைப் போய்ப் பார்த்துவிட்டான். எங்கோ ஒரு குளிர் நாட்டில் சோஃபா செய்கிற ஆலை, மூன்று வருஷ ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

"மூணு வருஷமா?" என்றாள் அவள்.

"இங்க மூடின பிறகு எல்லாரும் அந்த ஏஜெண்ட் வாசல்லதான் நிப்பாங்க. அப்ப நமக்கு இடம் இருக்காது. நான் முன்னாடி போயிடறேன்."

"நம்ம பாப்பாவுக்கு என்ன சொல்றது?"

மறுநாள் அவன் கனமான ஒரு கோட்டு வாங்கிவந்து, போட்டுப் பார்க்காமலே அலமாரியில் மாட்டினான். வேர்த்து ஊற்றுகிற அந்த வீட்டில் அந்தக் கோட்டு யாரோ வேண்டாத விருந்தாளி மாதிரி நின்றது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை வகுப்பில் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சார், எங்க கம்பெனிய மூடிடுவாங்களா? நீங்கதான் இதையெல்லாம் படிச்சவரு."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியாதும்மா. கம்பெனிகள் அப்படி இடம் மாறறது உண்டு, நிறையவே நடந்திருக்கு. உங்க கம்பெனி மாறுதான்னு நான் இங்க உட்கார்ந்துக்கிட்டு சொன்னா அது ஜோசியம். உங்களுக்கு எது தெரியும், அதைச் சொல்லுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் கட்டங்களில் எழுதினார். எழுதி முடித்து எல்லோரும் பார்த்தார்கள். 'கேட்டது' கட்டம் நிரம்பி வழிந்தது. 'நினைத்தது' கட்டத்திலும் இடமில்லை. 'கண்டது' கட்டம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"முதல்ல பார்த்தது யாரு?" என்றார் பேக்கரிக்காரர். "அந்த ஆளைப் பிடிங்க. என் சைக்கிளையும் அப்படித்தானே கண்டுபிடிச்சீங்க?"

மறுநாள் வேலைக்கு நடுவே அவள் அந்த ஆளைத் தேடி இறங்கினாள். ரேடியோவிடம் சொன்னது சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனிடம் சொன்னது வாசல் காவலாளி. காவலாளியிடம் சொன்னது கம்பெனி கார் டிரைவர், அந்த வெளிநாட்டு விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தவர். அவர் நிழலில் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கம்பெனிய மூடப்போறாங்கன்னு நீங்களா சொன்னீங்க?"

டிரைவர் பதறிப்போனார். "ஐயோ, நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? அவங்க பேசற பாஷையில எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. அவங்க அளக்கறதைப் பார்த்தேன். 'மூடப்போறாங்களோ என்னவோ'ன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் ஓர் 'ஓ' இருந்தது. காவலாளியிடமிருந்து சரக்கு வண்டிக்காரனுக்குப் போகிற வழியிலேயே அந்த 'ஓ' எங்கோ உதிர்ந்துவிட்டது. ரேடியோவிடம் வந்து சேர்ந்தபோது அது கண்ணும் மூக்கும் வைத்துக்கொண்டு, எந்த நாட்டுக்குப் போகிறார்கள், அங்கே என்ன கூலி என்பதுவரை வளர்ந்திருந்தது.

"சரிண்ணே, எதை அளந்தாங்க? கூடத்தையா?"

"கூடத்தை எங்க அளந்தாங்க? கதவைத்தான் அளந்தாங்க. உயரம், அகலம், அப்புறம் வாசல்ல லாரி திரும்பற இடம்."

கதவை அளந்தார்களா? மூலையக்கா அங்கேயே நின்றுவிட்டாள். போன வருஷம் அவள் வீட்டுக்கு அலமாரி வாங்கியபோது அவளும் கதவைத்தான் அளந்தாள். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோகிறவனும் கதவை அளப்பான், வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவருகிறவனும் அளப்பான். இதில் எது என்று டிரைவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் இவ்வளவு நாளும் ஒன்றை மட்டுமே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

கிடங்கில் போய் நூலைப் பற்றிக் கேட்டாள். "நிறுத்தலையே. பழைய தடிமன் வேணாம், வேற சொல்றோம், கொஞ்சம் பொறுங்கன்னாங்க" என்றார் கிடங்குக்காரர். அதுவும் இரண்டு பக்கமும் திரும்பக்கூடிய செய்திதான். இனிமேல் கேட்க வேண்டியது ஒரே ஆளைத்தான்.

ரேடியோவையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். ஊருக்கே செய்தி வாசிக்கிறவள் அந்த அறைக்குள் நுழைந்ததும் வாயைத் தைத்துக்கொண்டாள்.

"சார், கம்பெனிய மூடறீங்களா?" என்று மூலையக்காவே கேட்டாள்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது?"

"நீங்க யாரும் சொல்லல சார். அதனாலதான் எல்லாரும் சொல்றாங்க."

அவர் கோபப்படப் போகிறார் என்று ரேடியோ அவள் முழங்கையைக் கிள்ளினாள். மேனேஜர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"அந்த வெளிநாட்டுக்காரங்களோட ஒப்பந்தம் ஆகறவரைக்கும் பேசக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. நேத்துதான் கையெழுத்து ஆச்சு. புது மிஷின் வருதும்மா, கப்பல்ல. நம்ம கதவுக்குள்ள நுழையாது, கதவை இடிச்சுக் கட்டணும். அதுக்காகத் தையல் கூடத்தை மூணு வாரம் மூடறோம். சம்பளத்தோட."

"மூணு வாரம் மட்டுமா?"

"மூணு வாரம் மட்டும்."

"ஆளைக் குறைப்பீங்களா சார்?"

"ரெண்டு வருஷத்துக்கு யாரையும் அனுப்பறதில்லன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அதுக்கு அப்புறம் ஹோட்டல்காரங்க எவ்வளவு கேக்கறாங்களோ, அதைப் பொறுத்தது. அதை இன்னிக்கு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

அப்போது ரேடியோவுக்கு வாய் திறந்துகொண்டது. "சார், அப்புறம் உங்க வீட்டை ஏன் விக்கிறீங்க?"

மேனேஜர் முதலில் விழித்தார், பிறகு சிரித்துவிட்டார். "எங்க அம்மாவால மாடிப்படி ஏற முடியல. கீழ்த்தளத்துல ஒரு வீடு பார்த்திருக்கேன். அதுவும் கம்பெனி வரைக்கும் வந்துடுச்சா?"

வெளியே வந்ததும் மூலையக்கா வராந்தாவில் அடுக்கியிருந்த மெத்தைமேல் அப்படியே உட்கார்ந்தாள். நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. ரேடியோ அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அக்கா, இதை நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"சொல்லு. ரெண்டு வருஷம்ங்கறதையும் சேர்த்துச் சொல்லு. ஒண்ணையும் விட்டுடாதே."

ஃபோம் வெட்டும் கூடத்தில் கத்தி இயந்திரம் காதைப் பிளக்கும். கணவனின் காதருகே வாயை வைத்துக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் இயந்திரத்தை நிறுத்தினான். தலைமுடியெல்லாம் மஞ்சள் ஃபோம் தூள். இன்னொரு தடவை முழுவதும் சொல்லச் சொன்னான். கேட்டு முடித்ததும் அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு அவங்களுக்கு என்ன? நான் ராத்திரியெல்லாம் தூங்காம..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். வெட்டி வைத்த ஃபோம் கட்டைமேல் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுக்காமலே, "எனக்குப் போகவே பிடிக்கல. நீ பயந்துடுவியேன்னு சொல்லல" என்றான்.

"எனக்கும் பிடிக்கல. சொன்னா நீங்க எனக்காகப் போகாம இருந்துடுவீங்களேன்னு நானும் சொல்லல."

ஏஜெண்டுக்கு அவன் அங்கிருந்தே போன் போட்டான். ஏஜெண்ட் விடவில்லை, இடம் போய்விடும், இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வராது என்று மிரட்டிப் பார்த்தார். "போனாப் போகட்டும் சார். நான் வரல" என்று சொல்லிவிட்டு வைத்தான். வீட்டுக்குப் போனதும் பாப்பா, "அப்பா, உனக்கு லீவா? ஏன் சிரிக்கிற?" என்று கேட்டாளாம்.

எல்லாம் சுபமாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. புது இயந்திரம் வந்த பிறகு தையல் கூடத்தில் சிலர் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற வேண்டியிருந்தது, ரேடியோவும் அதில் ஒருத்தி. பேச்சுத் துணைக்கு அங்கே ஆள் அதிகம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். இயந்திரத்தைப் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர்கள் மூலையக்காவுக்குக் கைச்சாடையிலேயே வேலை கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரம் அவள் தைத்ததெல்லாம் கோணல்மாணல். இரண்டாம் வாரம் பரவாயில்லை. மூன்றாம் வாரம் அவர்களில் ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஊருக்குப் போனார்.

மேனேஜர் இப்போது மாதத்துக்கு ஒருநாள் கேன்டீனில் நின்று ஆர்டர் நிலவரத்தைச் சொல்கிறார். கூடுகிற மாதமும் உண்டு, குறைகிற மாதமும் உண்டு. குறைந்தது என்று கேட்கும்போது எல்லோர் முகமும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் தெரிந்த கவலையோடு சாப்பிட உட்கார முடிகிறது.

அடுத்த பருவத்தில் கணவனும் மாலை வகுப்பில் சேர்ந்தான். டீ வரும்வரை வாயே திறக்கமாட்டான். போன வாரம் மட்டும் கையை உயர்த்தி, "சார், மெத்தை போற நாட்டுக்கெல்லாம் நாம போக முடியலையே, அது ஏன்?" என்று கேட்டான். வாத்தியார் சுண்ணாம்புத் துண்டைப் பையிலிருந்து எடுத்தார், கரும்பலகையைப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரோடும் உட்கார்ந்தார். அன்று வகுப்பு முடிய நேரமாகிவிட்டது.