எனக்கும் வீங்கியது

எனக்கும் வீங்கியது. வீங்கவே இல்லை என்று என் மைத்துனனிடம் பொய் சொன்னேன். அதுதான் நான் செய்த குற்றம்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? வரட்டும்! குடலிறக்கம் என்றாலே நம் ஊரில் சிரிப்புதானே...

காமயகவுண்டன்பட்டியில் எனக்குத் திராட்சைத் தோட்டம். பெட்டி தூக்கித் தூக்கி அடிவயிறு சரிந்தது. தேனியில் அறுத்து, உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். மறுநாளே விதைப்பை கறுத்து வீங்கிவிட்டது. இது வழக்கம்தான், சில வாரங்களில் வடிந்துவிடும், அதுவரை கனம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அப்படியே வடிந்தது. அதுவரை காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குள் கிடந்தேன். மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் தன் தம்பியிடம் பேசுகிற சங்கதியா அது?

மறுவருடம் அந்தத் தம்பிக்கும், என் மைத்துனன் செல்வத்துக்கும், அதே இறக்கம். லோடு ஏற்றுகிறவன். நான்தான் தைரியம் சொல்லி அதே மருத்துவரிடம் சேர்த்தேன். நான்காம் நாள் பார்க்கப் போனபோது, காலை அகட்டிப் படுத்திருந்தவன் பல்லைக் காட்டினான்.

"என்ன மாமா, ஒங்களுக்கும் இப்புடித்தேன் தேங்கா காச்சுச்சா?"

மாமன் மச்சினன் முறை! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாண வீடு கருமாதி வீடு பாராமல் ஆயுசுக்கும் ஓட்டுவான்.

"எனக்கா? மூணாம் நாளே தோட்டத்துல நின்னேன் மாப்ள. ஒன்னைய மாதிரி கட்டில்லயா கெடந்தேன்!"

அவன் சிரிப்பு நின்றது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். கேலி இல்லை, பயந்துபோய்க் கேட்டிருக்கிறான்... அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறந்தேனா?

மருத்துவர் அவனிடமும் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். அவன் நம்பியது என்னை. படுத்துக் கிடப்பதால்தான் வடியவில்லை என்று நினைத்து, பத்தாம் நாள் லாரியில் பெட்டி ஏற்றப் போனான். தைத்த இடம் விட்டுப்போனது. மறுபடியும் அறுத்தார்கள். இன்றும் குனிந்தால் சுண்டி இழுக்கிறது அவனுக்கு. லோடு வேலை போயிற்று. கம்பத்தில் ஒரு கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

போன மாதம் ஒரு காதுகுத்து. பந்தியில் யாரோ அந்த மருத்துவரைத் திட்டினார்கள். செல்வம் விடவில்லை.

"டாக்டரு என்ன செய்வாக? மாமாவுக்கும் அவுகதேன பண்ணுனாக! மாமா ஒடம்பு வேற, என் ஒடம்பு வேற. அம்புட்டுத்தேன். என்ன மாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்... ஆமாம் என்று தலையாட்டினேன்!

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.