முதல் பூ சாமிக்கு

எங்கள் அபார்ட்மென்டில் ஈரத் துணியைக் காயப்போட்டு ஈரமாகவே எடுக்கிறவள் நான் ஒருத்திதான். மேல் வீட்டுப் பொன்மணி காலையும் மாலையும் தன் ஆர்க்கிட் செடிகளுக்குத் தண்ணீர் தெளிப்பாள். அது நேராக என் கொடியில் சொட்டும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "ஸாரிக்கா, இனிமே பாத்துத் தெளிக்குதேன்" என்பாள். மறுநாளும் சொட்டும். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் நிற்பதில்லை.

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். கடை, இந்த வீடு எல்லாமே அவள் கணவரின் அண்ணன் சுயம்புலிங்கம் பேரில். கணவர் கனகராஜ் நல்ல மனிதர், ஆனால் அவருக்குக் கடைதான் உலகம். சாப்பிடவும் தூங்கவும்தான் வீடு. பையன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு பொன்மணிக்கு மிச்சம் இருந்தது பால்கனிதான். சென்னை வெயிலுக்கு ஒத்துவரும் ஆர்க்கிட் வகைகள் உண்டாம். இவளுக்கு அதெல்லாம் வேண்டாம். பெரிய வெள்ளைப் பூ பூக்கும் குளிர் ஊர் வகைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மண் கிடையாது, கரித்துண்டிலும் தேங்காய் மட்டையிலும் வளர்வது. பச்சை வலை கட்டி, கீழே தாம்பாளங்களில் தண்ணீர் வைத்து, பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பாதி செத்தது. மீதி, வருடக்கணக்கில் இலையை மட்டும் காட்டியது.

"இன்னா பொன்மணி, வாசனையும் கெடையாது, தலையில வெக்கவும் முடியாதுன்ற. இதுக்கா இம்மாம் பாடு?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

"சும்மா பாக்கத்தான்க்கா" என்று சிரிப்பாள்.

பொங்கலுக்கு வந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி பால்கனியை அளப்பதுபோல் பார்த்தார். ஆடித் தள்ளுபடிச் சரக்கு வைக்கக் கடையில் இடமில்லை. "பூக்காத செடிக்கு எதுக்கும்மா இவ்வளவு எடம்? சித்திரை வரைக்கும் பாப்போம். பூக்கலேன்னா அடைச்சுப் பெட்டிய அடுக்கிக்கிடுதேன்" என்றார். பொன்மணி தலையாட்டினாள். வேறென்ன செய்வாள், வீடு அவருடையது. அண்ணன் சொல்லுக்கு மறுசொல் பேசியறியாத கனகராஜும் ஆட்டினார்.

மாசியில் ஒரு செடி தண்டு விட்டது. தண்டு நெடுக மொட்டு. என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள்.

"வூட்டுக்காரருக்குச் சொன்னியா?"

"எல்லாம் விரியட்டும்க்கா. ஒரு ஞாயித்துக்கெழம கூட்டியாந்து காட்டணும். இத்தன வருசமா என்ன பண்ணுதேன்னு அவங்களும் பாக்கட்டும்."

புதுப்பெண் மாதிரி முகம் சிவந்திருந்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. பொன்மணி காய் வாங்கப் போயிருந்தாள். துண்டு காயப்போடப் பால்கனிக்கு வந்த கனகராஜ் பூவைப் பார்த்துவிட்டார். எல்லா மொட்டும் விரிந்திருந்தன. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் எந்தச் செடியானாலும் முதல் பூ சாமிக்கு, அப்புறம்தான் மனிதருக்கு. கத்தரிக்கோலால் தண்டோடு வெட்டி, கடைக்குக் கொண்டுபோய், முருகன் படத்துக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்பில் வைத்துக் கும்பிட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் "நம்ம வீட்ல பூத்தது" என்று பெருமை வேறு.

வெட்டின செடியைப் பார்த்துவிட்டு என்னை மேலே கூப்பிட்டிருந்த பொன்மணி, மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் என் எதிரிலேயே கேட்டாள், "ஏன் வெட்டினீங்க?"

"மொதப் பூ சாமிக்குத்தானே? செடியில விட்டாலும் நாளைக்கு வாடிரும்லா?"

"மூணு மாசம் இருந்திருக்கும்."

அவர் நம்பவில்லை. பூவென்றால் காலையில் மலர்ந்து ராத்திரி வாடுவது. வேறு மாதிரிப் பூவை அவர் கண்டதில்லை.

"உங்களுக்குக் காட்டத்தான் காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாமி விஷயமாயிற்றே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். இல்லாவிட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்.

கடையில் தினமும் காலையில் சாமி படத்தில் பழைய பூவைக் கழித்துப் புதுச் சரம் போடுவது கனகராஜின் வேலை. மறுநாள் அந்த வெள்ளைப் பூ வைத்தது வைத்தபடி இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நேற்றைய பூவைச் சாமிக்கு முன் விட்டுவைக்கக் கூடாது. வாடாத பூவைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. அண்ணாச்சி அதட்டியும் எடுக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றி வைத்தாராம். சித்திரை பிறந்த பிறகுதான் இதழ் ஓரம் சுருங்கியது. அன்று கடை நேரத்தில் வீட்டுக்கு வந்து வெட்டுப்பட்ட அந்த அடித்தண்டின் எதிரில் நின்றார். "தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார்.

சித்திரைக் கடைசியில் அண்ணாச்சி தச்சரோடு வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் மேலே போய் நின்றேன்.

"பூத்தாச்சு, சாமிக்கும் வச்சாச்சு. செடி வேல முடிஞ்சுதுல்லா? இனி அடைச்சிரலாம்" என்றார்.

பொன்மணி தரையைப் பார்த்தாள். கனகராஜ்தான் முன்னால் வந்தார். "வேண்டாம்ண்ணே. அது இவ எனக்குக் காட்ட வச்சிருந்த பூ. நான்தான் நின்னு பாக்காம வெட்டிட்டேன்."

"அப்போ சரக்க எங்கடே வைக்க?"

"எங்க படுக்கை ரூம்ல வையுங்க."

அண்ணாச்சி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தச்சரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இப்போது அந்த அறை முழுக்க அட்டைப்பெட்டி. இருவரும் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கனகராஜ் எழுந்ததும் நேராகப் பால்கனிக்குப் போய் நிற்கிறாராம். ஒன்றும் பூக்கவில்லை, வெறும் இலைதான்.

"எலையில என்னத்தப் பாக்குதீங்கன்னு கேட்டேன்க்கா. நீ இத்தன வருசம் எதப் பாத்தியோ அதத்தான் பாக்குதேன்னு சொல்லுதாங்க" என்றாள் பொன்மணி. சொல்லிவிட்டு அழுதாள். பூவை வெட்டின அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.