யார் சீரானவர்?

பாடப்புத்தகத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் வரும். இருவரின் ஓட்டங்களைக் கொடுத்து, மாறுபாட்டுக் கெழு கண்டு, யார் சீரானவர் என்று கேட்பார்கள். கெழு குறைந்தவரே சீரானவர். அருமனையில் எங்கள் வீட்டின் ஆட்டக்காரர்கள் நானும் தம்பியும். பெண்ணும் ஆணுமாய்ப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், கல்லூரியிலும் ஒரே வகுப்பு. மேற்படிப்புக்குச் சென்னைக்கு ஒருவரைத்தான் அனுப்புவேன் என்றார் அப்பா. அவர் கணித ஆசிரியர். ஓரவஞ்சனை செய்தார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

“மார்க்கப் போட்டுப் பாரு மக்கா. கணக்கு சொல்லட்டு” என்று மடிக்கணினியை என் பக்கமே தள்ளினார். அந்தப் புள்ளியியல் மென்பொருள் வீட்டில் எனக்கு மட்டும்தான் கைவந்திருந்தது. தம்பிக்கு அதைத் திறக்கவே தெரியாது.

மாறுபாட்டுக் கெழுவுக்கு அதில் தனிக் கட்டளை இல்லை. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கச் சொல்லி நாமே எழுத வேண்டும். எழுதினேன். நான்கு பருவத் தேர்வுகளின் மதிப்பெண்கள். தம்பிக்கு 60, 62, 61, 61. எனக்கு 94, 96, 38, 95. அவனுடைய கெழு ஒன்றரையைக்கூடத் தொடவில்லை. என்னுடையது முப்பத்தைந்து.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மன்னிக்கப் போவதில்லை.

“சராசரியையும் பாருங்கப்பா. அவனுக்கு அறுபத்தொண்ணு, எனக்கு எம்பதுக்கு மேல.”

“நான் சராசரியா கேட்டேன்? நெலையா நிக்கவனத்தானே வெளியூருக்கு விட முடியும்.”

அந்த முப்பத்தெட்டு, அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது வாங்கியது. அவள் கட்டிலருகே இருந்துவிட்டு, அங்கிருந்தே பேருந்தில் நின்றபடி போய்ப் பரீட்சை எழுதினேன். தம்பிக்குப் பரீட்சை என்று அவனை விட்டுவிட்டார்கள். எனக்கும் அதே பரீட்சைதான்.

அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறாள். அடுக்களைப் பின்வாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னால் அப்பா கேட்பார் என்று ஓடினேன்.

“அம்மா, நீயாவது சொல்லு. அந்த ஒரு பரீட்ச எதனால போச்சுன்னு.”

அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வந்து இருன்னு ஒன்ன நானா கூப்பிட்டேன்?” என்றாள்.