எல்லோரும் தேறிய பாடம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், விரி என்ற பகுதியில் இருந்த அந்தக் குளிர்பதனக் கிடங்கின் தேநீர் அறையில், மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி இருந்தது. நான் வடிவமைத்த இணையவழிப் பாடத்தை ஒரு தொழிலாளி படிப்பதை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். படித்தார் என்று சொல்லக் கூடாது. இடது கையில் சாண்ட்விச் இருந்தது. வலது கை மௌஸை அழுத்திக்கொண்டே போனது. நாற்பது நிமிடப் பாடத்தை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு, எழுந்து கோப்பையைக் கழுவப் போனார்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டு வருடம் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் நான். ஆக்லாந்துக்கு வந்தபிறகு பள்ளிக்கூட வேலை அமையவில்லை. நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி அது. எல்லா நிறுவனங்களும் வகுப்பறையை மூடிவிட்டுத் திரைக்கு மாறிக்கொண்டிருந்தன.

கிடங்கின் பகல் ஷிப்ட் சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். பாடத்துக்கு வேண்டிய விவரங்களைச் சொல்ல நிறுவனம் அவரைத்தான் ஒதுக்கியிருந்தது. அவர் அறையில் உட்கார்ந்து எதையும் சொல்லவில்லை. ஒரு மழை நாளில் என்னைக் கிடங்கைச் சுற்றி நடக்க வைத்தார். குளிரூட்டும் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. அது கசிந்தால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்க வாசல் வழியாக வெளியேற வேண்டும். கூரைமேல் கட்டியிருக்கும் ஆரஞ்சுத் துணிக்குழாயைப் பார்த்தால் காற்றின் திசை தெரியும். பழக்கத்தில் கார் நிறுத்துமிடத்தை நோக்கி ஓடினால், பல நாட்களில் காற்றோடு வாயுவும் கூடவே வரும். இதையெல்லாம் நான் அழகான படங்களாக்கினேன், அம்புக்குறிகள் போட்டேன், பத்துக் கேள்விகள் வைத்தேன். ஒருவரும் தோற்கக் கூடாது என்றது நிறுவனம். சரியான விடை வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று அமைத்துக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் எல்லோரும் தேறிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். அன்று மாலை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"அண்ணை, உங்கட பாடத்தில எல்லாரும் பாஸ். ஆனா அலாரம் அடிச்சா எந்தப் பக்கம் போவீங்கள் எண்டு கேட்டன். பாதிப் பேர் கார் பார்க்குக்குப் போவினமாம். நான் எப்பிடி சைன் வைக்கிறது?"

எல்லோரும் பயிற்சி பெற்றதாக அவர் கையெழுத்துப் போட வேண்டிய பட்டியல் ஒன்று இருந்தது. அவர் போடவில்லை. மாறாக, தேநீர் இடைவேளைகளில் நான்கு நான்கு பேராக வெளியே கூட்டிப்போய், துணிக்குழாயைக் காட்டி நடக்க வைத்தார். வேலை தாமதமாகிறது என்று இரண்டாவது வாரத்திலேயே அதை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு ஒரு கூட்டம் கூட்டினார்கள். எல்லோரும் பாடத்தைக் கற்றுவிட்டதை உங்கள் பதிவுகள் காட்டுகின்றனவா என்று கிடங்கின் மேலாளர் என்னிடம் கேட்டார். பக்கத்தில் என் முதலாளி. என் வேலை விசா அவர் கையில் இருந்தது. சாண்ட்விச்சும் அந்த ஆறு நிமிடமும் எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. பதிவுகளின்படி எல்லோரும் தேறியிருக்கிறார்கள் என்றேன். சூப்பர்வைசர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். இரண்டு வாரத்தில் அவரை வேறு கட்டடத்தில் கோப்பு வேலைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவரே விலகிவிட்டார்.

அடுத்த கோடையில் அம்மோனியா கசிந்தது. இரண்டு பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருவரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். ஒருவரால் மட்டும் அதன்பின் குளிரறையில் வேலை செய்ய முடியவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் பயிற்சிப் பதிவுகளைக் கேட்டார்கள். நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். இருவர் பெயருக்கும் நேரே பத்துக்குப் பத்து. பயிற்சி விஷயத்தில் நிறுவனத்தின்மேல் குறையில்லை என்று முடிந்தது. என் முதலாளி எனக்கு நன்றி சொன்னார்.

சில மாதங்கள் கழித்து, பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஒரு மளிகைக் கடையில் அந்தச் சூப்பர்வைசரைப் பார்த்தேன். குனிந்து வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நலம் விசாரித்தபிறகு, அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். கையிலிருந்த காயை வைத்துவிட்டார்.

"ஒராளை நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. அவற்ற முறை வர முதல் நிப்பாட்டிப் போட்டினம். மற்றவரைக் கூட்டிக்கொண்டு போனனான். அவர் எப்பிடி?"

"அவர் சரியான வாசல் வழியாத்தான் வெளிய வந்தார். அந்த இன்னொருத்தரைக் காணோம்னு திரும்ப உள்ள போயிருக்கார்."

"ஓம். அவர் போவார்" என்றார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விசா, என் மகளின் பள்ளிக்கூடம் என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"விடுங்கோ அண்ணை. நீங்கள் பொய் சொல்லேல்லைத்தானே."

அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

இப்போது எனக்கு நிரந்தர வதிவுரிமை இருக்கிறது. அலுவலகம் வேறு, வேலை அதேதான். முன்பு கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்தவன், இப்போது ஒவ்வொரு பாதுகாப்புப் பாடத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வரி சேர்க்கிறேன்: சூப்பர்வைசர் இந்தத் தொழிலாளியோடு வாசல்வரை நடந்து காட்டிய பிறகே பயிற்சி முடிந்ததாகக் கொள்ளப்படும். பெரும்பாலான நிறுவனங்கள் அதை அடித்துவிடுகின்றன. நேரமில்லை என்பார்கள். போன வாரமும் ஒரு நிறுவனம் அடித்து அனுப்பியது. வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை மின்னஞ்சல் எழுதினேன். மூன்றாவது முறை, நானே அந்த வரியை நீக்கிவிட்டுப் பாடத்தை அனுப்பிவைத்தேன்.