ஓரம் கறுத்த கடுதாசி

எங்கள் எஸ்டேட்டுக்குத் தபால் வந்த விதத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஏற்காட்டுத் தபால்காரர் அவ்வளவு தூரம் உள்ளே நடந்து வரமாட்டார். மாரமங்கலம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு கட்டாகக் கொடுத்துவிடுவார். கண்டக்டர் அதை எங்கள் நிறுத்தத்தில் இருந்த பாய் கடையில் போட்டுவிட்டுப் போவார். பாய், அரிசி பருப்பு வாங்க வரும் யாரிடமாவது, "அப்படியே அந்த ஊட்டுல குடுத்துருங்க" என்று கொடுத்தனுப்புவார். வாங்கிக்கொண்டவர் மறதிக்காரராக இருந்தால் போச்சு, கடிதம் சட்டைப் பையிலேயே துவைபட்டுக் கூழாகிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகை, அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்த பிறகு எங்கள் கைக்கு வந்தது. சிரிக்காதீர்கள், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அப்பா இல்லை. அண்ணன் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ எல்லையில் இருந்தார். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போக அப்பா வேண்டும். அப்பா இல்லாத இடத்தில் அண்ணன் வேண்டும். அக்கா ஒரே பிடியாக நின்றாள். சேலை எதுவானாலும் சரி, சாப்பாடு எதுவானாலும் சரி, அண்ணன் மட்டும் வரவேண்டும். தேதியைக் குறித்து அண்ணனுக்கு எழுதிப் போட்டோம். லீவு கிடைக்குமா கிடைக்காதா என்ற பதிலுக்காக வீடே காத்துக் கிடந்தது.

தினமும் சாயங்கால பஸ்ஸுக்கு நான்தான் கடைக்குப் போவேன். கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்பு வரைக்கும் பாய், "இல்லீங்க கண்ணு, நாளைக்குப் பாக்கலாம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். திடீரென்று ஒருநாள், தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணும் வரலீங்க."

"நல்லாப் பாத்தீங்களா பாய்? இன்லண்டு லெட்டரு. நீலமா இருக்கும்."

"வரலைன்னா வரலைதானுங்க. போங்க கண்ணு, இருட்டிரும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தொலைத்துவிட்டு மழுப்புகிறார் என்றே நினைத்தேன். கண்டக்டரையும் தபால்காரரையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடையில் நின்ற பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. ஒருத்தி என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அது எனக்கு என்னவோ போல இருந்தது.

மறுநாளிலிருந்து ஊரே விசித்திரமாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பேச்சை எடுத்தால் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். எதற்கெடுத்தாலும் வம்பு பேசும் தாய்மாமா வாயே திறக்கவில்லை. எனக்கு ஒரே பயம். மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்டு மறைக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மாமாவை மடக்கிக் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் கொறையா? இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. கழுத்துல தாலி ஏறட்டும். அப்பறம் எதுவானாலும் பாத்துக்கலாம்" என்றார்.

கல்யாணத்தன்று அக்கா சர்ச் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலம் பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதில் அண்ணன் இல்லை. மணி அடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். "வா கண்ணு" என்று மாமா கையை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? தலையை ஆட்டினேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தாலி ஏறியதும் ஊர்ப் பெண்கள் விம்மி அழுதார்கள். இப்படியும் ஒரு பாசமா என்று மாப்பிள்ளை வீட்டார் அதிசயப்பட்டார்கள்.

சாப்பாடு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அக்காவின் பெட்டியை ஏற்றும்போது, வீட்டுக்குப் பின்னால் பாயும் மாமாவும் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்தேன். பாய் சட்டைக்குள்ளிருந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்தார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

அதன் நாலு ஓரமும் கறுத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி சொல்லும் கடிதத்துக்கு ஓரத்தில் கறுப்பு மை தடவி அனுப்புவார்கள். பார்த்ததுமே தெரிந்துவிடும். அதை வீட்டுக்குள் கொண்டு போகக்கூடாது. வாசலுக்கு வெளியிலேயே படித்துக் கிழித்துப் போட வேண்டும். எப்போதும் தமிழில் விலாசம் எழுதும் அண்ணனின் கையெழுத்தும் அதில் இல்லை. யாரோ இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். பட்டாளத்து முத்திரை வேறு.

"தாலி ஏறாம நின்னுபோனா பொண்ணு கதி என்னாகறதுங்க கண்ணு? அடுத்த வாரம் தவக்காலம் வேற, ஈஸ்டர் வரைக்கும் உங்க சர்ச்சுல கல்யாணம் வெக்க மாட்டாங்க. அதான் மாமாவும் நானும் மறைச்சு வெச்சுட்டோம்" என்று பாய் அழுதார்.

"பிரிச்சுப் பாக்கலீங்களா மாமா?"

"எப்படி சாமி பிரிக்கறது? நெசம்னு தெரிஞ்சுட்டா இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சர்ச்சுல எப்படி நடக்கறது?"

என் சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டாள். மாலையோடு அக்காவும் வந்துவிட்டாள். கடிதத்தைப் பிரிக்கப் போனேன். கறுப்பு என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். கிரீஸ்! பஸ்ஸில் ஜாக்கி வைக்கும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான் அந்தப் பாவி கண்டக்டர். உள்ளே அண்ணனின் கோணல்மாணல் எழுத்து. "அம்மாவுக்கு, நான் நல்ல சுகம்" என்று தொடங்கியது. சத்தமாகப் படித்தேன்.

அவ்வளவுதான். அம்மா தரையில் உட்கார்ந்து கர்த்தரைக் கூப்பிட்டாள். மாமா பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய் அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ சொன்னார். நான் மேலே படித்தேன். போன கடிதங்கள் சேரவில்லை என்பதால் இந்தமுறை கிளார்க்கை விட்டு இங்கிலீஷில் விலாசம் எழுதச் சொன்னதாக அண்ணன் எழுதியிருந்தார். அடுத்த வரியில் நிறுத்திவிட்டேன். அக்கா கடிதத்தை வாங்கி, தானே படித்தாள்.

"கல்யாணத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். தவக்காலத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். தள்ளிவைத்ததாக ஒரு தந்தி அடித்தால் போதும், உடனே கிளம்பிவிடுவேன். தந்தி வராவிட்டால் என் லீவை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிடுவார்கள். தங்கச்சியிடம் சொல்லுங்கள், நான் வராமல் அவள் சர்ச்சுக்குள் கால் வைக்கக்கூடாது."

அக்கா கடிதத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். மூன்றே நாள் தள்ளிவைத்திருந்தால் போதும்! அந்தச் சனிக்கிழமை இன்னும் வரக்கூட இல்லை. பாயைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்த்து என்னால் திட்ட முடியவில்லை.

இதையெல்லாம் தந்தியில் எப்படிச் சொல்வது? நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, நானே ஏற்காட்டுக்குப் போய்ப் பெட்டியில் போட்டேன். பதில் வரவில்லை. ஈஸ்டர் கழிந்த பிறகு ஒரு மத்தியானம் அண்ணனே வந்து நின்றார். நாங்கள் எழுதிய கடிதம் அவர் கைக்குப் போகவே இல்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கிரீஸா?" என்றார். "எங்கே, அந்த லெட்டரக் காட்டுங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கிரீஸோ மையோ, கறுப்பு பட்டுருச்சு. புதுசாக் கல்யாணம் ஆன ஊட்டுல அத வெக்கலாங்களா? அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன் சாமி."

அண்ணன் சிரித்தார். "பரவால்ல உடுங்கம்மா. மாப்பிள்ளை ஊட்ல அவசரப்படுத்தியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா?" நான் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். "சரி புள்ள, சரி" என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

லீவு முடிந்து போகும்போது, வழியில் சேலத்தில் இறங்கி அக்காவைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாங்கி வந்த சேலை பிரிக்காமல் கட்டில்மேல் கிடந்தது.

"அண்ணன் கோவிச்சுக்கிச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. என் தலைமேல கைய வெச்சு, 'நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல'ன்னுச்சு" என்றாள் அக்கா. "நான் செய்யாத தப்ப மன்னிச்சுட்டுப் போயிருச்சு."