சொன்னால் நிற்கும் வண்டி

பால் பொங்கி வரும்போது என் அத்தை முதலில் அதனிடம் பேசிப் பார்ப்பார். "மெதுவா, மெதுவா... நில்லு கண்ணு" என்பார். பால் கேட்காது. அடுத்து வலது காலால் சமையலறைத் தரையில் ஓங்கி ஒரு மிதி. அதற்கும் பால் கேட்காது. அதன் பிறகுதான் அடுப்பை அணைக்கக் கை போகும். அதற்குள் பாதிப் பால் மேடையில் ஓடியிருக்கும். "சொன்னா கேக்குதா பாரு!" என்று துடைக்கும்போதும் பாலைத்தான் திட்டுவார்.

முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஊருக்கு டீச்சர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிளட்ச் அத்தை. எழுபது வயது. குட்டையான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, பின்னால் வரும் லாரிக்கும் கேட்கிற குரல். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைதான் அவருடைய ஆசனம். அங்கே அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆனால் காலை அவர் கடைசியாகத்தான் நம்புவார். வாய்தான் முதல் பிரேக்.

அந்த வாயில் ஓர் அதிசயம் இருந்தது. ஆபத்து இல்லாதபோது திட்டுவார். "கண்ணாடியில ரோட்டைப் பாரு, உன் மூஞ்சியைப் பாக்காத. அது வீட்டுலயும் இருக்கும்." "ஏன் பறக்குற? ரோடு எங்கயும் போகாது, நாமதான் போறோம்." ஆபத்து நெருங்க நெருங்கக் குரல் குழையத் தொடங்கும். 'தம்பி' என்றால் பள்ளம். 'தங்கம்' என்றால் எதிரே பேருந்து. 'கண்ணு' என்று அழைத்துவிட்டால் மோதுவதற்கு மூன்று விநாடி இருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் பயின்றவர்கள் இன்றும் யாராவது அன்பாகக் 'கண்ணு' என்றால் திடுக்கிட்டுச் சாலையைப் பார்க்கிறார்கள்.

சொந்தப் பிள்ளைகள் இருவரும் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பெரிய அத்தான் மூன்று பாடம் வரை போனார். நாலாவது பாடத்தில் தாயார் அவரைக் 'கண்ணு' என்று அழைத்துவிட்டார். அன்று இறங்கியவர் பிறகு ஏறவில்லை. இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக இருக்கிறார். யார் எப்படியெல்லாம் அடிபடலாம் என்பது அவருக்குப் பட்டியலாகத் தெரியும்.

குடும்பத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அத்தையிடம் வண்டிப் பேச்சுதான். சின்ன அத்தான் கால் முதலில் வெளிவரப் பிறந்தவர். "அவன் ரிவர்ஸ்ல வந்தவன்" என்பார். பேத்தி நடக்கத் தொடங்கிய அன்று, "இன்னும் ஹாஃப் கிளட்ச்லதான் வருது. விடுங்க, அதுவா கியர் மாத்தும்" என்றார். என் அக்காவுக்குத் திருமணம் நிச்சயமானபோது மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையன் ஹாரன் அடிக்கிற ஆள் இல்ல, நல்லது" என்று முடித்தார்.

அவருடைய கணவர், எங்கள் மாமா, நூலகர். நெட்டையானவர். குடும்பக் காரை அவர்தான் ஓட்டுவார். முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்து, எதையோ முணுமுணுத்தபடி, ஊரே மூன்றாவது கியரில்தான் அமைந்திருக்கிறது என்கிற நினைப்பில் ஓட்டுவார். அத்தை பக்கத்தில் அமர்ந்து வழி முழுக்கத் திருத்துவார். "ஏங்க, கண்ணாடி பாத்தீங்களா?" "பாத்தேன் டீச்சர்." "எப்ப?" "காலையில, ஷேவ் பண்ணும்போது." அத்தையின் காலடியில் இருந்த மிதியடி, மிதித்து மிதித்தே ஓட்டையாகிவிட்டது. அந்தப் பக்கம் பிரேக்கே இல்லாத வண்டி அது.

ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில், அவர்களுடைய மண நாளன்று, அந்த வண்டியில் மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போவோம். இரண்டு மணி நேரப் பாதை. மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். குடும்பத்தின் பெரிய செய்திகள் அனைத்தும் அந்தப் பாதையில்தான் வெளிவந்திருக்கின்றன. பெரிய அத்தான் தான் ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னது அங்கேதான். மாமா ஓய்வு பெறப்போவதாகச் சொன்னதும் அங்கேதான். ஓடுகிற வண்டிக்குள் சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது.

நாற்பத்துமூன்று முறை போயாயிற்று. போன வசந்த காலத்தில் மாமா இறந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அத்தை ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "சிக்னலே போடாம திரும்பிட்டார்." சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக வெளியே போய் நின்று அழுதார்கள்.

கோடை முடிந்ததும் பெரிய அத்தான் பேச்சை எடுத்தார். "அம்மா, வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்குது. வித்துடலாம். ஏரிக்கு வேணும்னா ஒரு வேன் பேசிக்கலாம்."

"வேன் டிரைவர் பக்கத்துல நான் வாயை மூடிட்டு எப்படிடா உக்கார்றது?"

"பின்சீட்ல உக்காரு."

"பின்சீட்ல உக்காந்தா சத்தமா பேசணும்" என்றார் அத்தை. பிறகு, "நானே ஓட்டுறேன்" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. அத்தை ஓட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் பாடத்தில் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். மற்றபடி மாணவர்கள் ஓட்டுவார்கள். மாலையில் கடைசி மாணவர் வண்டியை அவருடைய வீட்டு வாசல்வரை ஓட்டி வருவார். அதையும் பாடக் கணக்கில் சேர்த்துவிடுவார். முப்பத்தொரு வருடம் அவர் ஒரு வண்டியை ஓட்டியது மற்றவர்களின் கை கால்களால்தான்.

போதாக்குறைக்கு எழுபது வயதானால் உரிமத்தைப் புதுப்பிக்க மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று விதி. தேறினால் அத்தை வண்டி ஓட்டலாம், ஏரிக்குப் போகலாம். தேறாவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று பெரிய அத்தான் பேசி முடிவெடுத்தார். "சரி" என்றார் அத்தை. "ஐந்நூறு பேரைத் தேற வச்சவ. எனக்கென்ன?"

தேர்வு அதிகாரி அந்த ஐந்நூறில் ஒருவர். நாலு முறை தோற்று ஐந்தாவது முறை தேறியவர். அத்தையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அலுவலகத்துப் பயிற்சிக் காரில் அத்தை ஸ்டியரிங் பக்கம் உட்கார, அதிகாரி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"பெல்ட் போட்டியா?" என்று அத்தை கேட்டார்.

"டீச்சர், இன்னைக்கு அதை நான்தான் கேக்கணும்."

"கேளு. ஆனா முதல்ல போடு."

பத்து நிமிடம் அலுங்காமல் போனது வண்டி. திருப்பம், ஏற்றம், பின்னோக்கி ஓட்டுவது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடி. கடைசித் தெருவில் ஒரு வீட்டிலிருந்து பந்து உருண்டு வந்தது. பந்துக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை. அத்தையின் குரல் தேனாகக் குழைந்தது. "பிரேக் போடு கண்ணு" என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

நல்ல வேளையாக, பக்கத்தில் இருந்தவர் அவருடைய மாணவர். இருபது வருடம் கழித்து அந்தச் சொல் காதில் விழுந்ததும், அதிகாரி யோசிக்காமல் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு போனது.

"பாத்தியா, கரெக்டா நிறுத்துனேன்" என்றார் அத்தை.

"டீச்சர்... நீங்க சொன்னீங்க. போட்டது நான்."

"நான் சொன்னதாலதான நீ போட்ட?"

அதிகாரி கண்ணில் நீர் தளும்ப, 'தேறவில்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டாராம். அத்தை அன்று இரவுச் சாப்பாட்டின்போது தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து இதையெல்லாம் எங்களுக்கு நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் தட்டில் போட்டதைச் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மண நாளோ நாலு வாரத்தில் வந்துவிடும். பெரிய அத்தான் வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டார், விளம்பரத்துக்கு.

பயிற்சிக்குத் துணையாக என் அம்மா போனார். அம்மாவுக்குக் கார் கதவைத் திறப்பதே இரண்டாவது முயற்சியில்தான் கைகூடும். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட செங்கல் தொழிற்சாலையின் முற்றம்தான் பயிற்சிக் களம். மாமாவின் நீண்ட கால்களுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்த இருக்கை அப்படியே இருந்தது. அத்தைக்குக் கால் எட்டவில்லை.

"சீட்டை முன்னாடி இழுங்க அண்ணி. அந்தக் கம்பியைத் தூக்குனா வரும்னு நீங்கதான சொல்வீங்க."

"இருக்கட்டும்" என்று அத்தை முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளை வைத்துக்கொண்டார். அம்மா அவற்றைச் சரியாக வைத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினார்.

அம்மா அட்டைப் பெட்டிகளை எதிர்பாராத நேரத்தில் வண்டிக்கு முன்னால் தள்ளிவிடுவார். அத்தை, "பிரேக் போடு கண்ணு" என்பார். பெட்டி நசுங்கும். முதல் நாள் ஒன்பது பெட்டி. அடுத்த நாள் பதினொன்று.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்க வாய்தான் பிரச்சினை."

"என் வாயா? இந்த வாயாலதான் ஊர்ல பாதிப் பேர் உயிரோட இருக்காங்க!"

"மீதிப் பாதிப் பேர் பிழைக்கணும்னா அதைக் கொஞ்சம் மூடணும்" என்று அம்மா கைப்பையிலிருந்து மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தார். கடித்தாலும் உடையாத, எலுமிச்சை அளவு மிட்டாய். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு. பெட்டி வந்தது. "பிழேக் போழு கழ்ழு" என்றார் அத்தை. பெட்டி நசுங்கியது. ஆனால் கொஞ்சம் தாமதமாக நசுங்கியது என்று அம்மா வாதிட்டார். பேச வழியில்லாத கோபம் எங்கேயாவது போயாக வேண்டும் அல்லவா? அது மெல்ல மெல்லக் காலுக்கு இறங்கியது. இரண்டாம் வாரம் நாலு பெட்டி. மூன்றாம் வாரம் ஒன்று. அதுவும் காற்றில் பறந்து வந்தது.

இரண்டாம் தேர்வுக்கு அத்தை இரு கன்னமும் உப்பப் போனார். அதிகாரி, "டீச்சர், பல் வலியா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பாதி வழியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அதிகாரி பழக்க தோஷத்தில் காலைத் தூக்கிவிட்டு, அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வாய் அசையவில்லை. வண்டி நின்றது.

உரிமம் வந்தது. பெரிய அத்தானுக்கு அது போதவில்லை. "மிட்டாய் வச்சு பாஸ் பண்றதெல்லாம் ஒரு பாஸா? மலைப் பாதைம்மா அது. ஒரு பக்கம் பள்ளம்."

"ரெண்டு மணி நேரம் மிட்டாய் திங்க எனக்குப் பல்லு இல்லடா. பேசிக்கிட்டுதான் ஓட்டுவேன்."

"அப்ப முன்சீட்ல நான் உக்காருவேன். ஒரு தடவை பிரேக் போடுன்னு சொன்னாலும் அங்கேயே வண்டியை நிறுத்தணும். நாம இறங்கி பஸ்ல திரும்பிடறோம். மறுநாள் வண்டி வித்தாச்சு. சரியா?"

"சரிடா. நீ பேசாம உக்காந்து வா, கண்ணு" என்றார் அத்தை. பெரிய அத்தானுக்கு முகம் வெளுத்தது.

மண நாள் காலையில் புறப்பட்டோம். அத்தானின் கை கை-பிரேக்கின் மேல் தயாராக இருந்தது. பின்னால் நான், அம்மா, சாப்பாட்டுப் பை. அத்தை பேசிக்கொண்டே ஓட்டினார். எதிரே வந்த ஒவ்வொரு ஓட்டுநருக்கும் மதிப்பெண் போட்டார். மூன்று பேர் தன்னிடம் படித்தவர்கள் என்று அவர்கள் ஹாரன் அடிக்கிற விதத்திலேயே கண்டுபிடித்தார். மலை ஏற ஏற மரங்கள் நிறம் மாறின. காற்று அடிக்கும்போதெல்லாம் இலைகள் சாலையில் புரண்டு ஓடின. அம்மா கண்ணை மூடியிருந்தார். அத்தான் சாலையைப் பார்க்கவில்லை. அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்த வளைவுலதான் உங்கப்பா வருஷா வருஷம் மூணாவது கியர்லயே ஏத்துவார். நான் கத்துவேன். அவர் சரிங்க டீச்சர்னு சொல்லிட்டு, அடுத்த வருஷமும்..."

வண்டி வளைவில் திரும்பியது. கூட்டிய சருகுகளைக் கூரை உயரத்துக்குக் குவித்த தள்ளுவண்டி ஒன்று, தள்ளுகிறவரின் தலைகூடத் தெரியாமல், சாலைக்குக் குறுக்கே இறங்கி வந்தது.

பேச்சு பாதியில் நின்றது. வண்டியும் நின்றது. சாப்பாட்டுப் பை என் காலில் விழுந்தது. 'பிரேக் போடு' என்று அத்தை சொல்லவில்லை.

அவருடைய ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை எப்போது கிளம்பியது என்று யாரும் பார்க்கவில்லை. அது பெரிய அத்தானின் மார்புக்குக் குறுக்கே நீண்டு, பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு வயதுக் காப்பீட்டு அதிகாரியை, முன்சீட்டில் ஏறி நின்று வேடிக்கை பார்க்கிற குழந்தையைப் பிடிப்பதுபோல இருக்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. அத்தான் கை-பிரேக்கிலிருந்து தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தள்ளுவண்டிக்காரர் சருகு சிந்தாமல் நிதானமாகச் சாலையைக் கடந்தார். அவர் கடந்து முடிக்கும்வரை அத்தை அந்தக் கையை எடுக்கவில்லை.